சாமான் அறையில் ஒரு சர்வர்

கோயமுத்தூரில் ஒரு ஆபீஸைக் காலிசெய்தபோது விற்ற கம்ப்யூட்டர்களில் ஒன்றை வாங்கி, பொள்ளாச்சி வழியாக, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன கண்ணு இது?"

"சர்வரும்மா."

"ஊட்டுக்குள்ள எதுக்குச் சர்வரு? நாந்தான் பரிமாறிட்டிருக்கறேனே."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு சாமான் அறையில் அரிசி டிரம்முக்கு மேலே இருந்த பலகையைத் துடைத்துக் கொடுத்தாள். அந்த அறைக்கு ஜன்னல் சின்னது. வெயில் உள்ளே வராது. தேங்காய் மூட்டைகளும் பழைய கயிறும் கிடக்கும் இடத்தில், பெட்டியின் பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

நான் வீட்டிலிருந்தே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். என் கணவர் இடுக்கி மலையில், கம்பம்மெட்டுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வழி வாத்தியார். பாலக்காட்டில் ஒரே கல்லூரியில் படித்தோம். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் தென்னையும் நெல்லும் வைத்து, மாரியம்மனுக்கு நோன்பி சாட்டித் திருவிழா எடுக்கிறவர்கள். கல்யாணம் இரண்டு வீட்டுக்கும் மெல்லத்தான் செரித்தது. என் அப்பா அவரிடம் "வாங்க", "சாப்டீங்களா" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் ரொம்ப நாள் பேசவில்லை. மரியாதையில் குறை வைக்கவில்லை, பேச்சில்தான் குறை.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் வழிப் பணியிடங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். ஒவ்வொரு வருஷமும் அவர் இடமாற்றத்துக்கு எழுதிப்போடுவார். ஒவ்வொரு வருஷமும் ஒழிவு இல்லை, அதாவது காலியிடம் இல்லை என்று வரும். நான் அங்கே போய் இருந்துவிடலாம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க முயன்று பார்த்தேன். அவர் குடியிருக்கிற வீடு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஏலத்தோட்டம், மேலே மூடாப்பு. போனில் ஒரு கோடுகூட வராது. என் வேலையோ நெட் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஓடாது. கம்பெனியில் இரண்டு தடவை பொறுத்தார்கள், மூன்றாவது தடவை கூப்பிட்டுப் பேசினார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அதிலிருந்து எங்களுக்கு இரண்டு வீடு.

பள்ளிக்கு மேலே ரோட்டு வளைவில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதற்கு எதிரே நின்றால் சிக்னல் ஒன்றோ இரண்டோ கோடு வரும். தினமும் சாயங்காலம் அங்கே வந்து கூப்பிடுவார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க. உங்களுக்கு?"

"இப்பக் கேக்குது. மத்தியானம் என்ன... கேக்குதாட்டி?"

இதுதான் எங்கள் பேச்சு. நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததைச் சொல்ல ஆரம்பிக்கும்போது அறுந்துவிடும். அதனால் அவர் நேரம் கிடைக்கும்போதெல்லாம் பேசிப் பதிவுசெய்து அனுப்பிப் பார்த்தார். அதுவும் பாதியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து போகும், மறுபடி நிற்கும்.

அப்போதுதான் ஒரு புரோகிராம் எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. பேச்சைச் சின்னச் சின்னத் துண்டாக்க வேண்டும். சிக்னல் எட்டிப்பார்க்கிற போதெல்லாம் போகிற துண்டு போகட்டும், மீதி காத்திருக்கட்டும். இந்தப் பக்கம் எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒட்டி முழுப் பேச்சாக்கிக் கொடுக்க வேண்டும். எழுதுவது பெரிய காரியமில்லை. துண்டுகளை வாங்கி வைக்க எப்போதும் விழித்திருக்கிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதுதான் விஷயம். வெளியே வாடகைக்குக் கிடைக்கும். எனக்கு மனசில்லை. ஆபீஸில் நான் எழுதுவதெல்லாம் எங்கேயோ, யாருக்கோ போகிறது. இதையாவது யாருக்கு எழுதுகிறேன் என்று தெரிந்து எழுத ஆசைப்பட்டேன். அவர் குரல் எங்கள் வீட்டில், நான் நடமாடுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. செலவு மிச்சம் என்று சொல்லி வைத்தேன்.

பெட்டியைத் தயார்செய்ய ஒரு வாரம் ஆனது. என் போனிலிருந்து பேசி அனுப்பிப் பார்த்தேன். துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டு, என் குரலிலேயே எனக்குப் பேசியது. சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் போனில் எப்படி வைப்பது என்று அரைமணி நேரம் "கேக்குதா" போட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

"நான் அனுப்பிட்டுத்தான இருக்கேன். சுத்திக்கிட்டே கெடக்கு" என்றார்.

வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, போனின் நெட்டிலேயே முயன்று பார்த்தேன். எனக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதாவது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பெட்டி கதவு திறக்கிறது. வெளியே நிற்பவர்களுக்கு இல்லை. கேபிள்காரரை வரச்சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து டிவியைப் போட்டுப் பார்த்தார்.

"படம் நல்லாத்தானுங்க ஓடுது? அப்புறம் என்னுங்க பிரச்சனை?"

"வெளிய இருந்து உள்ள வர முடியலீங்க."

"வெளிய இருந்து எதுக்குங்க உள்ள வரோணும்?"

காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு நானே நோண்டிக் கண்டுபிடித்தேன். எங்கள் இணைப்பில் வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை. தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கதவு எண். உள்ளேயிருந்து போகிறவருக்குத் தடையில்லை. வெளியேயிருந்து வருகிறவர் எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவார். அத்தனை நாளும் அவர் குரல் அப்படித்தான் எங்கேயோ ஒரு வாசலில் நின்றிருக்கிறது. அதை நினைத்தபோது, விஷயம் புரிந்துவிட்ட திருப்தியையும் மீறி, மனசு ஒருமாதிரி ஆனது.

வழி இருந்தது. வெளியே ஒரு சின்ன மெஷினை வாடகைக்கு எடுத்து, என் பெட்டியே அதற்குப் போன் போட்டு லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்படி செய்தேன். அவர் அனுப்புவது அந்த மெஷினுக்குப் போய், பிடித்துவைத்த லைன் வழியாக உள்ளே வரும். அங்கே எதுவும் தங்காது. குரல் தங்குவது அரிசி டிரம்முக்கு மேலேதான்.

முதல் பேச்சு வந்து சேர்ந்தபோது நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"வகுப்புக்குள்ள மஞ்சு பூந்துட்டு, ஒரே பனிமூட்டம். போர்டுல என்ன எழுதுதேன்னு எனக்கே தெரியல. பிள்ளைய எல்லாம் சார், நீங்க எங்க நிக்கியன்னு கேக்குதுவ. நான் பலகைக்குப் பக்கத்துலதான் நிக்கேன். நீ என்ன பண்ணுத?"

மீட்டிங்கில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று தெரியாமல் சரி என்றேன்.

அதன் பிறகு நாள் முழுக்க வந்தது. காலையில் அவர் ரோடேறிப் போகும்போது நாலு துண்டு, மதியம் டீக்கடைக்கு வரும்போது நாலு துண்டு. சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சாகிவிடும். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்களின் ஜீப்பு சத்தம் பின்னால் கேட்கும். ஒரு நாள் பதிவு ஓடுவதை மறந்து பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு ஜெபப் பாட்டு பாடியிருந்தார். சின்ன வயதில் அவருடைய அம்மா பாடியதாக இருக்கும். மற்றபடி அவர் பாடுகிறவரில்லை. சமைக்கும்போதெல்லாம், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வருகிற அந்தப் பாட்டைக் கேட்பேன். அதே போல் நானும் பேசி அனுப்புவேன். அவர் போனில் இடமில்லாததால், இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் அங்கிருந்து அழித்துவிடும்படி புரோகிராமை எழுதியிருந்தேன்.

அப்புறம் பெட்டி தானாகவே அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. தினமும் இல்லை, சில நாள் காலையில். புரோகிராமில் தப்பு என்று தேடினேன். சூடாகிறதோ என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அணைவதற்கு முன் என்ன நடந்தது என்று பெட்டியே எழுதிவைத்திருக்கும். அதைப் படித்தால், முறையாக அணைகிற கம்ப்யூட்டர் எழுதுகிற எதுவும் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வரியில் புதிதாகப் பிறந்து எழுந்திருக்கிறது. பேச்சு பாதியில் நின்று போகிற மாதிரி.

ஒரு நாள் காலையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற மிக்ஸியின் சத்தம் திடீரென்று இறங்கி, முக்கி, மறுபடி ஏறியது. தோட்டத்தில் அப்பா மோட்டார் போட்டிருந்தார். அதே நேரம் என் போனில், பெட்டி பதில் சொல்லவில்லை என்று வந்தது. மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். மோட்டார் கிளம்புகிற வேகத்தில் வீட்டுக் கரண்டைச் சேர்த்து இழுக்கிறது. பல்பு ஒரு கணம் மங்கித் தேறிவிடும், பெட்டியால் முடியவில்லை.

தோட்டத்துக்கு ஓடினேன்.

"அப்பா, நீங்க மோட்டாரு போட்டா என்ற பெட்டி நின்னுபோகுதுங்கப்பா."

"மோட்டாரு போடாம தென்னைக்குத் தண்ணி எப்புடி சாமி உடறது?"

"போட வேண்டாங்கல. போடறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுங்க. நான் அணைச்சுக்கறேன்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அதுல அப்புடி என்ன கண்ணு இருக்குது?"

சொல்லலாமா வேண்டாமா என்றிருந்தது. "உங்க மாப்பிள்ளை பேசறதுங்கப்பா. அங்கிருந்து பேசி அனுப்பறாரு. இதுலதான் வந்து சேருது."

அப்பா வாய்க்காலில் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த முறை மோட்டார் ரூமிலிருந்து வீடு அதிரக் குரல் வந்தது.

"கண்ணூ! மோட்டாரு போடறேன்!"

பெட்டியை முறையாக அணைத்துவிட்டு, "போடுங்கப்பா!" என்று கத்தினேன். கரண்டு இறங்கினாலும் தாங்கிப்பிடிக்க ஒரு யூபிஎஸ் வாங்கி மாட்டிய பிறகும் அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நானும் தேவையில்லை என்று சொல்லவில்லை.

ஆனால் பெட்டி அதற்குள் அடி வாங்கிவிட்டிருந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில் அது எழவில்லை. திரை ஒன்றை மாட்டிப் பார்த்தால், டிஸ்க்கே தெரியவில்லை என்றது. கழற்றி வேறொன்றில் மாட்டினேன். பொள்ளாச்சியில் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கிருந்து கோயமுத்தூரில் ஒருவரிடம் போய்த் திரும்பி வந்தது. உறையில் போட்டு, டேப் ஒட்டி, எதையும் மீட்க முடியாமல் அப்படியே. என் புரோகிராமுக்கு வெளியில் இன்னொரு பிரதி இருந்தது. குரல்களுக்கு இல்லை. அவை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று நான்தான் வைத்திருந்தேன். அவர் போனிலும் இல்லை, பெட்டியிலிருந்தே கேட்டு வந்ததால் என் போனிலும் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது அழுதுவிட்டேன்.

"எல்லாம் போச்சுங்க. முதல்ல இருந்து எல்லாம்."

"போனாப் போவுது. நான்தான் இருக்கேன்லா?"

"பேசினது இல்லீங்களே."

"சரி, பெட்டிய ரெடி பண்ணு. ஞாபகம் இருக்குறவரைக்கும் திரும்பச் சொல்லுதேன்" என்றார்.

புதிய டிஸ்க் போட்டேன். தினமும் பிரதி எடுக்க இன்னொன்றும் கூடவே. சொன்னபடியே அவரும் ஆரம்பித்தார். "முதல்ல மஞ்சு வந்தத சொன்னேன்னு நினைக்கேன். வகுப்புக்குள்ள மஞ்சு வந்துட்டு. நீ சிரிச்சிருப்ப." சில நாள் நடந்தது தெரியும், சொன்னது மறந்துபோயிருக்கும். ஒருமுறை ஒரு சங்கதியை முழுக்க மாற்றிச் சொன்னார், நான் திருத்தவில்லை. முதலில் சொன்னபோது அவர் எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு மனிதர் தன் தனிமையான நாட்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

பாட்டை மட்டும் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினீர்களே என்று.

"நானா? எதப் பாடுனேன்?"

எனக்குச் சொற்கள் முழுசாகத் தெரியவில்லை. மெட்டை முனகி அனுப்பினேன். இது மாதிரி அம்மா நிறையப் பாடுவாளே, எதுவென்று தெரியவில்லையே என்றார். வேறு ஒன்றைப் பாடி அனுப்பினார். நன்றாகத்தான் பாடியிருந்தார். தண்ணீர்ச் சத்தம் இல்லை. இன்றைக்கும் கை வேலையாக இருக்கும்போது பழைய மெட்டு பாதிவரைக்கும் வரும், அதற்கு மேல் எனக்குப் போகாது.

இந்த வருஷம் ஜூன் மழை தொடங்கிய பிறகு, ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே அவர் பேசி அனுப்பியதைக் கேட்டேன். கூரை ஒழுகினது, பக்கத்து வீட்டார் கப்பைக்கிழங்கு அவித்துக் கொடுத்தது, ஒரு பையனுக்கு முன்பல் விழுந்தது என்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில்தான் குரல் இறங்கியது.

"அப்புறம், டிரான்ஸ்பர் லிஸ்ட்டு வந்துட்டு. இந்தத் தடவையும் இல்ல. சரி, நீ சாப்பிடு."

அவ்வளவுதான். அதோடு முடிந்திருந்தது.

தட்டோடு எழுந்து போய்ச் சாமான் அறையில் நின்றேன். எதற்கு அங்கே போனேன் என்று தெரியவில்லை. பேச்சு என்னவோ பெட்டியிலிருந்து என் போனுக்கு வருகிறது. பெட்டிக்கு முன்னால் நிற்பதற்கு ஒன்றுமில்லை. பச்சை விளக்கு ஒழுங்காக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுகூடத் தவறாமல் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. பதில் பேசி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். என்ன பேசுவது?

ஆபீஸில் லீவு சொன்னேன். அப்பா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அங்க போய்ட்டு வரட்டுங்களாப்பா?"

"மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்லீங்கப்பா. மாத்தம் கெடைக்கல."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வந்தபோது, "எளநி நாலு சீவி வெக்கறேன். கொண்டுபோய்க் குடு. அங்க எளநி கெடைக்காது" என்றார். அத்தனை தூரம் இளநீரைச் சுமக்க முடியாது என்று அம்மா சத்தம் போட்டாள். கடைசியில் இரண்டு வந்தது.

விடியும்போதே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மாறி, தேனியில் மாறி, கம்பத்தில் மாறி, மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. வருகிறேன் என்று அவருக்கு அனுப்பியிருந்தேன், போய்ச்சேர்ந்ததாகக் காட்டவில்லை. பள்ளியை அடைந்தபோது கடைசி பீரியடுக்கு முந்தின மணி அடித்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் ஈரக் குடைகள் வரிசையாக விரிந்து கிடந்தன. ஒரு பெண்குழந்தை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது.

"சார், ஒரு அக்கா வந்திருக்காவ."

கையில் சாக்பீஸோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னட்டி... வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?"

"நல்லா இருக்கறாங்க. சர்வர்ல ஒரு கோளாறுங்க. நேர்ல பாக்கோணும்னு வந்தேன்."

"சர்வரு உங்க ஊருலல்லா இருக்கு?"

"ஆமாங்க."

அவர் என்னையும் என் கையிலிருந்த இளநீரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கத்தான் போனார்; அது சரியாக வரவில்லை. பின்னால் பிள்ளைகள் கதவருகே நெருக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள். "இன்னும் ஒரு பீரியடு இருக்கு. இங்கன இருக்கியா?" என்றார். ஒரு பெஞ்சை இழுத்துச் சாரல் படாத இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கழித்தல் கணக்கு நடந்தது. பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்குவதைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பையனுக்குப் புரியவில்லை, மறுபடி சொன்னார். கூரையில் மழை பலமாக விழுந்தது. ஒரு சொல்கூட அறுபடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளம்பியாக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாயங்காலம் ஒரே குடையில் பள்ளத்துக்கு இறங்கிப் போனபோது அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. கூரை எங்கே ஒழுகுகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே கேட்டதுதான். நான் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டேன்.